எழுத்து வரிசையில் இல்லாத 'ஈ'

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி. எப்படித் தொற்றும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே அந்த வைரசு எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதையே நாங்கள் சொல்ல வந்தோம்.

உலகெங்கும் பரவியுள்ள 'எம்' தொகுதி, 1920களில் இன்றைய கின்சாசா நகரில் பரவத் தொடங்கியதென்று மரபணு ஆய்வுகள் கணிக்கின்றன. அதன் உபவகைகளுக்கு ஏ, பி, சி, டி என ஆங்கில எழுத்துக்களையே பெயராக வைத்தார்கள். உலகத் தொற்றுக்களில் ஏறக்குறையப் பாதி சி வகை. அயலிலுள்ள இந்தியாவிலும் அதுவே அதிகம். ஆனால் வரிசையில் ஈ இல்லை. தாய்லாந்தில் பரவிய வைரசுக்கு முதலில் அப்பெயர்தான் இருந்தது. அதன் மரபுப்பொருளை முழுவதும் வாசித்தபோது பெரும்பகுதி ஏ வகையாக இருந்தது. கலப்பற்ற ஈ எங்கும் அகப்படவில்லை. எனவே அதை 'ஏஈ' என்ற கலப்பு வகையாகப் பதிந்தார்கள்.

கலப்பு எப்படி நேர்கிறது? ஒவ்வொரு வைரசுத் துணிக்கையும் தன் ஆர்.என்.ஏ.யின் இரண்டு பிரதிகளைச் சுமக்கிறது. ஒரே கலத்தினுள் இரு வகைகள் புகுந்தால், புதிய துணிக்கையில் வகைக்கு ஒன்றாக அடைபடலாம். அது அடுத்த கலத்தில் தொற்றியதும், ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதியம் ஒரு பிரதியிலிருந்து மற்றதற்குத் தாவித் தாவி எழுதும். இரண்டு தோழிகளின் கொப்பியைப் பார்த்து வீட்டுவேலை எழுதுவதுபோல! (நாங்கள் அப்படிச் செய்ததில்லை என்று ஆசிரியைகள் நம்பவேண்டும்.) எழுதியதைத் திருத்தும் பழக்கமும் அந்த நொதியத்துக்கு இல்லை.

ஒரு பிரதியில் ஒரு மருந்தை எதிர்க்கும் விகாரமும், மற்றதில் இன்னொரு மருந்தை எதிர்க்கும் விகாரமும் இருந்தால், இரண்டும் ஒரே வைரசில் சேர்ந்துவிடலாம். 1987இல் வந்த ஏ.இசட்.ரி. தனித்து நின்றுபிடிக்கவில்லை. 1996 அளவிலிருந்தே மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. வைரசு பெருகாவிட்டால் கலக்கவும் வழியில்லை. ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்றாது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து ஒருத்தி கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினால், அந்த வைரசுக்கு அதுவே போதும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்ததென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. உங்கள் அக்காவோ அண்ணியோ கர்ப்பிணியாகிக் கிளினிக்குக்குப் போனால், அந்த இரத்தப் பரிசோதனைக்கும் தயங்காமல் கை நீட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். எழும்பிக் கேட்க வெட்கமென்றால் துண்டில் எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம்.