கலைவாணரும் ஊர் வாயும்

(கண்டியில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் நகைச்சுவை நடிகருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பிறர் வீட்டுக் கதையை ஊர் எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் காட்டுவதற்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வாழ்க்கையை விடச் சிறந்த சான்று தமிழரிடையே எனக்குத் தெரியவில்லை. அவர் பாட்டையும் சிரிப்பையும் இந்த மலைநாட்டு முதியோர் இலங்கை வானொலியில் கேட்டவர்கள். இளைஞர் தொலைக்காட்சியில் பழைய படங்களைப் பார்த்து அறிந்திருப்பர்.

1943-ஆம் ஆண்டு சென்னையில் சி.என். இலட்சுமிகாந்தன் என்பார் ‘சினிமா தூது’ என்ற இதழைத் தொடங்கினார். நடிகர், நடிகையரின் அந்தரங்கமே அதன் சரக்கு. எழுதிச் சம்பாதித்தது ஒரு பங்கு, எழுதாமலிருப்பதற்காக வாங்கியது மற்றொரு பங்கு என்று அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. நம் நாட்டு வழக்கில் சொன்னால் கப்பம். கிருஷ்ணனும், எம்.கே. தியாகராஜ பாகவதரும், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். உரிமம் பறிபோயிற்று. இலட்சுமிகாந்தன் ஓய்ந்தாரா? இல்லை! ‘இந்து நேசன்’ என்ற மற்றோர் இதழின் வழியாக அதே சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது.

அந்த இதழை விலைகொடுத்து வாங்கியவர் யார்? குண்டரும் குடிகாரருமா? எழுத்தறிந்தவர் அல்லவா வாங்கினர்! உத்தியோகத்தர், வியாபாரி, ஆசிரியர், என் தொழிலைச் சேர்ந்த வக்கீல்கள்! வாங்குவார் இல்லையேல் அந்தக் கடை ஒரு திங்களில் மூடப்பட்டிருக்கும். இலட்சுமிகாந்தனைத் தூற்றுவோர் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கைதாயினர். நாயுடு விடுதலையானார். மற்ற இருவரையும் யூரர்கள் குற்றவாளிகள் என்றனர். 1945 மே மாதம் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேன்முறையீடும் தோற்றது. பிறகு வழக்கு இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1971 வரை நம் நாட்டவரும் நீதி தேடிச் சென்ற அதே மன்றம்தான். மேன்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு அக்கழகம் திருப்பி அனுப்பிற்று. 1947 ஏப்ரல் 25-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன.

இனி ஊரைப் பார்ப்போம். பாகவதர் சிறையிலிருந்த காலத்தில் அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது! திரையில் அவரைக் கண்டு உருகிய அதே மக்கள், வெளியே வந்ததும் அவர் வழக்கைப் பேசிக் களித்தனர். இதை வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். மனிதனைக் காண்பதும் அவனைப் பற்றிக் கதை கேட்பதும் ஊருக்கு ஒரே பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

விடுதலைக்குப் பின் பாகவதர் எழவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ எனப் படங்கள் வந்தன. பழைய கூட்டம் வரவில்லை. கிருஷ்ணனோ எழுந்தார். கணவர் சிறையிலிருந்த நாளில் டி.ஏ. மதுரம் அம்மையார் தளராது நின்ற உறுதி அதற்கு ஒரு காரணம். 1949-இல் அண்ணாத்துரை எழுதிய ‘நல்லதம்பி’ வந்தது; அதில் கிந்தனார் கதையைக் கிருஷ்ணன் காலட்சேபமாகப் பாடிச் சாதிக் கொடுமையைச் சிரிக்கச் சிரிக்கச் சாடினார். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு. இருவருக்கும் இரு கதி ஏன்? பாகவதரை மக்கள் பக்தராகப் பூசித்தனர். பூசித்த சிலையில் கீறல் விழுந்தால் பொறுக்கமாட்டார்கள். சிரிக்க வைத்தவர் தம்மைத் தெய்வமென்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. இது என் கருத்து, மறுப்போர் மறுக்கலாம்.

அந்தக் கதை பழையது என்கிறீர்களா? அமெரிக்காவைப் பாருங்கள். 2009 அக்டோபர் முதல் நாள், டேவிட் லெட்டர்மன் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளர் தம் நிகழ்ச்சியிலேயே ஒரு செய்தியைச் சொன்னார். தம் நிகழ்ச்சியில் பணியாற்றிய பெண்களோடு தமக்கிருந்த உறவை வெளியிடாமலிருக்க ஒருவன் இருபது இலட்சம் டாலர் கேட்டான் என்றார். கேட்டவன் அதே தொலைக்காட்சி நிறுவனத்தின் செய்திப் பிரிவில் பணியாற்றியவன். மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றான். அரங்கில் இருந்தோர் என்ன செய்தனர்? சிரித்தனர், கைதட்டினர்! வேறு சிலர், முதலாளியின் விருப்பத்துக்கு ஊழியப் பெண் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா என்று கேட்டனர். அது வம்பர் கேள்வியன்று. தேயிலைத் தோட்டத்தில் கங்காணிக்கும் துரைக்கும் கீழே உழைத்த பெண்களின் பேத்திகள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அக்கேள்வியின் எடை அவர்களுக்குத் தெரியும். ஒருவருடைய வீட்டுக்குள் நடப்பது வேறு. தன் கையிலுள்ள அதிகாரத்தால் பிறரை வளைப்பது வேறு.

இந்த வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டம் அறியும். ஆங்கிலச் சட்டத்தில், சொன்னது உண்மை என்று நிலைநாட்டினால் மானநட்ட வழக்கில் பொதுவாகத் தப்பலாம். நாம் பெற்றுள்ள உரோம டச்சுச் சட்டம் அத்தோடு விடுவதில்லை. உண்மையா? அதைச் சொன்னதால் பொதுமக்களுக்கு நன்மை உண்டா? இரண்டுக்கும் விடை வேண்டும். ஹேவாஹெட்டை உழவர் ஒருவர் அறுவடைக்கு முதல்நாள் போஞ்சிக்கு நஞ்சு தெளித்தார் என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையானால் ஊரார் அறியவேண்டும், உண்பவர் அவர்கள். அதே உழவர் மனைவியோடு பிணங்கி மைத்துனர் வீட்டில் படுத்தார் என்கிறார். முழு உண்மையாகவே இருக்கட்டும், போஞ்சி வாங்குபவருக்கு அதனால் ஆவதென்ன?

குற்றவியல் அவதூறுச் சட்டம் இந்நாட்டில் 2002-இல் நீக்கப்பட்டது. எழுதுவோரைச் சிறைக்கு அனுப்பும் ஆயுதம் ஆட்சியாளர் கையில் இருக்கலாகாது என்று போராடியதன் பயன் அது. 2024-இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ற பெயரில் வேறோர் ஆயுதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. எது உண்மை, எது பொய் என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிப்பதை நான் எதிர்க்கிறேன். ஆனால் கைத்தொலைபேசியில் நாமே நாள்தோறும் ‘இந்து நேசன்’ நடத்திக்கொண்டு அச்சட்டத்தை எதிர்த்தால், நம் குரலுக்கு வலு எங்கிருந்து வரும்?

இதை நான் இன்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலின்போது நம் இளைஞர் சிலர் ஓர் ஒலிப்பதிவோடு என்னிடம் வந்தனர். எதிரணி வேட்பாளர் ஒருவரின் வீட்டுச் சண்டை அதில் இருந்தது. “ஐயா, இதை இன்றிரவு அனுப்பினால் போதும், ஆள் தொலைந்தார்” என்றனர். அந்தச் சண்டையில் அடிபட்டவர் எவரேனும் உண்டா, உதவி கேட்கிறார்களா என்று வினவினேன். இல்லை, வெறும் சொற்போர். அழித்துவிடுங்கள் என்றேன். இருவர் கோபித்துக்கொண்டு போயினர். அந்த வட்டாரத்தில் நாம் தோற்றோம். சிறிய வித்தியாசத்தில்தான் தோற்றோம். அந்த ஒலிப்பதிவு வெளிவந்திருந்தால் வென்றிருப்போம் என்று இன்றும் சிலர் என்னைக் குறைகூறுகின்றனர். உண்மையாகவே இருக்கலாம்.

அடுத்த தேர்தலுக்கும் அதே இளைஞர் வருவர் என்று எதிர்பார்க்கிறேன். அவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: அந்த வேட்பாளர் தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு வண்டி மணலை விழுங்கியிருந்தால், அதன் பற்றுச்சீட்டைக் கொண்டுவாருங்கள். கண்டிச் சந்தையின் வாயிலில் நின்று நானே உரக்கப் படிக்கிறேன். படுக்கையறைக் கதவைத் தட்டிக் கேட்டதை என் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.