பந்தயத் திடலில் ஒரு வீட்டு வண்டி

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவிலிருந்து வர்றீங்க, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி நாலு வார்த்தை பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விசா, வேலை பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். அதனால் 1978-ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவு மாணவர்கள் நாங்கள் மூன்று பேர், 2024 ஜனவரியில் கார் பந்தயம் பார்க்கப் போன கதையைச் சொல்கிறேன். கதை விளையாட்டாக ஆரம்பிக்கும்; முடிவில் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைப்பேன்.

எங்கள் மாணவப் பருவத்தில் பந்தயம் என்றால் சோழவரம்தான். உலகப் போர்க்கால விமானத் தளம். வெயிலும் புழுதியும் கொஞ்சமில்லை. அங்கே ஒன்றாக நின்று பார்த்த மூன்று பேரும் அறுபதைத் தாண்டிய பிறகு அட்லாண்டாவில் என் வீட்டில் கூடினோம். ஒருவர் மகளைப் பார்க்க வந்தவர். இன்னொருவர் அனல்மின் நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாஸ்டலில் அவருக்குப் பெயர் 'பூட்டு'. அறையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். இதோ முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

மூவரும் ஓர் ஆர்.வி. வாடகைக்கு எடுத்தோம். ஆர்.வி. என்றால் வேன் மாதிரி முன்பக்கம், பின்னால் ஒரு சின்ன வீடு. படுக்கை, கேஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, குளிக்கும் இடம் எல்லாம் உண்டு. அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய 700 கி.மீ. ஓட்டி ஃபிளோரிடாவின் டேடோனா பீச் போய்ச் சேர்ந்தோம். தடத்துக்கு அடியில் சுரங்கப்பாதை. அதன் வழியே உள்ளே போனால் நடுத்திடல் முழுக்க இதே மாதிரி வண்டிகள், கூடாரங்கள், கொடிகள், இறைச்சி வாட்டும் புகை. நம்ம ஊர் திருவிழாவில் மாட்டு வண்டிகளை அவிழ்த்துப் போட்டு, மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவார்களே, ஏறக்குறைய அதே காட்சிதான்.

வண்டியில் குடியிருப்பது ஒரு நல்ல படிப்பு. எங்கள் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 150 லிட்டர். மூன்று பேருக்கு மூன்று நாள். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் ஒரு தொட்டிக்கும், கழிப்பறைக் கழிவு இன்னொரு தொட்டிக்கும் போகும். சுவரில் விளக்கு எரிந்து எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். நிரம்பினால் உரிய இடத்துக்குக் கொண்டுபோய் நாமேதான் இறக்க வேண்டும். மின்சாரத்துக்கு பாட்டரி, அது போதாவிட்டால் ஜெனரேட்டர். 'பூட்டு' ஒரு நோட்டுப் புத்தகத்தில் காலையும் மாலையும் அளவு குறித்தார். "ஏண்டா, இது என்ன பவர் ஸ்டேஷனா?" என்று கிண்டல் செய்தோம். மறுபேச்சு இல்லை. படுக்கப்போகும் முன் கூரையருகே இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்தி, அது கத்துகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

இனி பந்தயம். 1958 வரை டேடோனாவில் கடற்கரை மணலிலேயே கார் ஓட்டினார்கள். 1959-ல் இந்தத் திடல் திறந்தது. வளைவுகளில் தடம் 31 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு வேண்டிய மண்ணை நடுத்திடலிலேயே தோண்டினார்கள். தோண்டிய பள்ளம் இன்று 29 ஏக்கர் ஏரி. ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டே கரை போடும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

இங்கே 24 மணி நேரப் பந்தயம் 1966-ல் தொடங்கியது. சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டால் ஞாயிறு பிற்பகல்தான் முடிவு. ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள், காருக்கு ஓய்வில்லை. நாங்கள் பார்த்த ஆண்டில் முதலில் வந்த போர்ஷே 791 சுற்று ஓடியது. ஒரு சுற்று 3.56 மைல். கூட்டிப் பார்த்தால் 4,500 கி.மீ.க்கு மேல், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள நெடுஞ்சாலையைவிட நீளம். இரண்டாவதாக வந்த காடிலாக் எவ்வளவு பின்னால் தெரியுமா? 2.112 வினாடி. ராத்திரி ஒரு டயர் மாற்றுவதில் ஒருவர் கை தடுமாறியிருந்தால் போதும், முடிவே மாறியிருக்கும்.

அந்த ராத்திரியைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் ஜெனரேட்டரைப் பத்து மணிக்கே நிறுத்திவிட்டோம். பக்கத்தில் ஒரு குடும்பம் கூடாரம் போட்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஜனவரி குளிர், ஹீட்டருக்காகக் கையில் தூக்கும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஓட விட்டிருந்தார்கள். மூன்று மணி இருக்கும். எங்கள் வண்டிக்குள் அலாரம் அலறியது. பந்தய இரைச்சலுக்குப் பஞ்சு வைத்திருந்த காதிலும் கேட்டது. நான் புரண்டு படுப்பதற்குள் 'பூட்டு' கதவைத் திறந்துவிட்டார். "எழுந்திருங்கடா, வெளியே வாங்க! அடுத்து அந்தக் கூடாரம்!"

ஜெனரேட்டரை அணைத்துக் கூடாரத்தைத் தட்டினோம். காற்று திசை மாறி, புகை முழுக்க அந்தப் பக்கமே தங்கியிருந்தது. தாய் தலைவலி என்று எழுந்தார். பெரிய பையன், பத்து வயதிருக்கும், எழுப்பினால் எழவில்லை. வெளியே தூக்கி வந்து ஆம்புலன்சுக்குச் சொன்னோம். உடனே வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். பொழுது விடியும்போது பையன் கண் விழித்து, "எந்தக் கார் முதல்ல போகுது?" என்று கேட்டானாம். அவன் அப்பா வந்து சொல்லிவிட்டு, 'பூட்டின்' கையைப் பிடித்துக்கொண்டு அதற்குமேல் பேச முடியாமல் நின்றார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவனுக்குத் தூக்கம் இன்னும் கூடுமே தவிர விழிப்பு வராது. இது அமெரிக்காவுக்கு மட்டும் வரும் ஆபத்தில்லை, தம்பிகளே. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அறைக்குள் கரி அடுப்பு மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியை நாளிதழில் படிக்கிறோம். ஷட்டர் இறக்கிய கடைக்குள் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களும் நம்மிடையே உண்டு. ஜெனரேட்டர் திறந்த வெளியில், சன்னல் கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். கூடாரத்துக்குள்ளும் காருக்குள்ளும் அடுப்பு கூடவே கூடாது. தலை சுற்றினால், வாந்தி வருகிற மாதிரி இருந்தால், முதலில் வெளியே காற்றுக்கு வாருங்கள். காரணம் அப்புறம் தேடலாம்.

பொறியியல் படிக்கும் உங்களுக்கு வேகமான கார் வடிவமைக்க ஆசை இருக்கும், இருக்கட்டும். ஆனால் தினமும் பொத்தானை அழுத்திப் பார்க்கிற ஆளை யாராவது கேலி செய்தால், அந்தக் கேலியில் சேராதீர்கள். நாற்பது ஆண்டு நாங்கள் கேலி செய்த அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு ஏழு பேரைக் காப்பாற்றியது.

இப்போது அந்த வேலை. எங்கள் 1978 பிரிவின் சார்பில் விடுதி சமையற்கூடத்துக்கும், ஜெனரேட்டர் பக்கமுள்ள அறைகளுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரங்கள் வாங்கித் தருகிறோம். முதல்வர் அவர்கள் அன்போடு அனுமதித்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அவற்றைச் சோதித்து நோட்டில் கையெழுத்திடும் பொறுப்பு மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்களுடையது. அடுத்த ஒன்றுகூடலுக்கு வரும்போது 'பூட்டு' அந்த நோட்டைக் கேட்பார். தப்ப முடியாது, சொல்லிவிட்டேன்.