சருகாகும் சிறகு



இன்று ஒரு மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு கோடைகால மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினேன். காய்ந்த இலைகள் தொங்கும் ஒரு கிளை. "இதில் ஒன்று வண்ணத்துப்பூச்சி. எது, சொல்லுங்கள்" என்றேன். ஐந்து நிமிடம் தேடியும் ஒருவருக்கும் அகப்படவில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாதி இலைபோல் இருந்தால் பூச்சிக்கு என்ன பயன்? ஆகவே இறைவன் இதை ஒரே நொடியில் முழுமையாகப் படைத்தார். படிப்படியாக வந்தது என்பவர்களுக்கு இதுவே பதில்" என்றேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஃபாதர், வெளிச்சம் மங்கலாக இருக்கும்போது, கொஞ்சம் இலைபோல் இருந்தாலே குருவி ஏமாந்துபோகாதா?" என்றாள். நேரமாகிவிட்டது, செபம் சொல்வோம் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பூச்சி இனத்துக்குக் கல்லிமா என்று பெயர். இமயமலை அடிவாரத்திலிருந்து ஜப்பானின் தென் தீவுகள்வரை ஒரு வகை, சுமத்ராவிலும் ஜாவாவிலும் ஒரு வகை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு வகை. சிறகு விரிந்தால் நீலம் மின்னும். மூடினால் சருகு. பின்சிறகின் வால் காம்பாகிவிடும். அங்கிருந்து முன்சிறகின் நுனிவரை இலையின் நடுநரம்புபோல ஒரு கோடு. அது இரண்டு சிறகுகளில் தனித்தனியாக இருக்கும் கோடு. மூடும்போதுதான் ஒன்றாகச் சேர்கிறது. பூஞ்சை பிடித்தாற்போலப் புள்ளிகளும் உண்டு. ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. அழுகிய பழமும் மரத்தில் கசியும் சாறும்தான் இதற்கு உணவு.

1861-62இல் சுமத்ராவில் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் இதைப் பிடிக்கப் படாதபாடு பட்டார். புதருக்குள் நுழைவது தெரியும், மெல்லத் தவழ்ந்து போய்ப் பார்த்தால் காணோம். கடைசியில் ஒருநாள் அமர்ந்த இடத்தையே கண்ணால் பிடித்துவிட்டார். அப்போதும் பார்வையிலிருந்து தப்பிப்போய், வெகுநேரம் கழித்துத்தான் தம் கண்ணெதிரிலேயே அது இருப்பது தெரிந்தது.

நான் வகுப்பில் சொன்ன வாதம் என் சொந்தச் சரக்கு அல்ல. இலைபோன்ற பூச்சிகளைக் காட்டி 1871இலேயே இப்படிக் கேட்டவர் செயின்ட் ஜார்ஜ் மிவர்ட் என்ற ஆங்கிலேய உயிரியல் அறிஞர். அவர் கத்தோலிக்கர். ஆனால் என்னைவிட நேர்மையாகக் கேட்டார். உயிரினங்கள் மாறி வந்தன என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். தொடக்கத்தில் அரைகுறைச் சாயல் எப்படி உதவியிருக்கும் என்பதுதான் அவர் கேள்வி. டார்வின் அதை அலட்சியம் செய்யவில்லை. 1872இல் தம் நூலின் ஆறாம் பதிப்பில் ஓர் அத்தியாயமே சேர்த்துப் பதில் எழுதினார். சற்றே சருகைப்போல் இருந்த பூச்சி சற்றே அதிகமாகத் தப்பிக்கும், அந்த மாற்றம் நிலைக்கும் என்றார். நம் மாணவி சொன்னதும் அதுதானே! 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கல்லிமாவையும் அதன் உறவினங்களையும் ஒப்பிட்டு, சிறகின் பழைய வரிகள் இடைநிலைகள் வழியாகப் படிப்படியாக இலை வடிவமானதைக் காட்டினார்கள்.

எனக்குத் தெரியாதா? புனித தாமஸ் அக்குவினாஸைப் படித்துத் தேர்வு எழுதியவன் நான். படைப்புகளையும் காரணங்களாக இயங்கவைப்பது இறைவனின் நன்மைத்தனமே என்று அவர் 13ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்தார். உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் தடைபோடவில்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் சொன்னார். இவ்வளவும் தெரிந்தும், பிள்ளைகள் முன்னால் கைதட்டு வாங்க எளிய வாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அறிவியல் இன்னும் விளக்காத பொந்தில் இறைவனை உட்காரவைத்தேன். அந்தப் பொந்தோ 1872இலேயே பாதி அடைபட்டுவிட்டது. நாளை கல்லூரியில் இதைப் படிக்கும்போது அந்தப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ஃபாதர் சொன்னது பொய் என்றால் மற்றதும் பொய்தானோ என்று நினைக்கமாட்டார்களா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மாணவி இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். உயிரியல் பிரிவு என்று கேள்விப்பட்டேன். அவளுடைய அம்மா இந்நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பவர். அம்மா, அடுத்தமுறை மகள் போனில் பேசும்போது சொல்லுங்கள்: அன்று அவள் கேட்டதுதான் சரி, சிரிக்கவிட்டது என் தவறு. இன்னொன்றும் சொல்லுங்கள். படத்தில் கீழேயிருந்து மூன்றாவது இலைதான் வண்ணத்துப்பூச்சி. அவசரத்தில் அதைக்கூட நான் காட்டவில்லை.