தோளும் மணிக்கட்டும்

கண்டி மாநகரில் விளையாட்டுக் காயம் என்றவுடன் நேயர்களுக்கு நித்தவலை மைதானமே நினைவுக்கு வரும். 1874 ஆம் ஆண்டிலே தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் றக்பி வீரர்கள் அங்கே மோதிப் புரள்வதைக் கண்டவர்கள், காயம் என்பது ஒரு கணத்தில் நேர்வது என்றே எண்ணுவர். ஆயின் இயன்மருத்துவரை நாடி வருவோருள் பலருக்கு அப்படிப்பட்ட கணமே இல்லை. ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்ததன்றி அவர்களுக்கு வேறொன்றும் நிகழ்ந்ததில்லை.

கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரனின் வலத்தோள் இதற்குத் தக்க சான்று. டெஸ்ட் ஆட்டங்களில் மட்டும் 44,000க்கு மேற்பட்ட பந்துகளை வீசிய தோள் அது. 2004 இல் அதற்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பல மாதங்கள் ஆடாதிருந்து 2005 இல் மீண்டும் களமிறங்கிய அவர், 2010 ஜூலையில் காலியிலே தமது 800 ஆவது விக்கெட்டைப் பெற்றார். அறுவை செய்தவரின் கத்தி சில மணி நேரத்தில் தன் வேலையை முடித்துவிடும்; தோளை மறுபடியும் பந்து வீசப் பழக்குவதோ மாதக்கணக்கான பயிற்சி.

தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது மெல்லவே ஆறும். முற்றாக ஓய்வு கொடுத்தால் நோவு தணியும். ஆனால் நாணும் நலிந்துபோகும். வேலைக்குத் திரும்பிய சில நாளில் நோவும் திரும்புவது இதனாலேயே. 1998 இல் சுவீடனைச் சேர்ந்த அல்பிரெட்சன் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும், குதிகால் நாண் கெட்டு அறுவைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்க்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை நாளுக்கு இருமுறை, 12 கிழமை கொடுத்தனர். பதினைவரும் ஓட்டத்துக்கு மீண்டனர். அளவாக ஏற்றப்படும் சுமையே நாணுக்கு மருந்து என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. பயிற்சியின்போது சிறிது நோவு இருக்கலாம். மறுநாட் காலையிலும் அது மிகுந்தே இருந்தால் சுமை கூடிவிட்டது என்று கொள்க.

கணுக்கால் பிசகுவது வேறு வகை. துணி சுற்றிய பனிக்கட்டி, இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியன முதலிரு நாளுக்குப் போதும். நான்கடி கூட நடக்க முடியாவிடின் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்.

இனி, மைதானத்தை விட்டு மலையேறுவோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதல், இம்மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் ஓய்ந்ததில்லை. ஓட்டப் பந்தய வீரருக்கும் இவர்களுக்கும் உடற்கூற்றில் வேற்றுமை இல்லை. பெருவிரலை அசைக்கும் நாண்கள் மணிக்கட்டருகே ஒரு குறுகிய உறையினூடே செல்கின்றன. இடைவிடாது கிள்ளும்போது அவ்வுறை தடித்து நாணை நெருக்கும். சுவிற்சர்லாந்து மருத்துவர் டி குவெர்வேன் 1895 இல் விவரித்த நோய் இது. பெருவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, கையைச் சுண்டுவிரற் பக்கம் சாய்த்தால் மணிக்கட்டிலே சுரீரென்று குத்தும்.

பெருவிரலை அசையாது தாங்கும் பட்டை நான்கு முதல் ஆறு கிழமை, தேவையாயின் உறைக்குள் ஓர் ஊசி, பின்னர் படிப்படியான பயிற்சி என்பதே வைத்தியம். வீரருக்கு இது எளிது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் பெண்ணுக்கு ஆறு கிழமை ஓய்வு என்பது அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும். கண்டி வைத்தியசாலைக்குப் போய்வருவதற்கே ஒரு நாட் சம்பளம் போய்விடும். ஆகவே எண்ணெய் தேய்த்துக் கொண்டும், வலிக்குளிசை விழுங்கிக் கொண்டும் அவள் மலைக்குப் போகிறாள். எண்ணெய் சுகம் தரும், நெருக்கத்தை நீக்காது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கு பயின்று வெளிவருவோர் தோட்டப் பெண்ணுக்கு ஓய்வை மட்டும் விதித்தாற் பயனில்லை. இரவிலும் வீட்டிலிருக்கும் வேளையிலும் பட்டை அணிதல், இரு கைகளையும் சமமாகப் பயன்படுத்துதல், தலைக்கயிற்றில் தொங்கும் கூடை கழுத்தை இழுக்குமுன் அடிக்கடி நிறுத்துக் கொட்டுதல் ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் கடைசியானது அவள் கையில் இல்லை. நிறுக்கும் வேளையைத் தோட்ட நிருவாகமே வகுக்கிறது. பயிற்சிகளையேனும், அவள் மறுமுறை வர இயலாது என்பதை எண்ணி, முதல் வருகையிலேயே முழுதும் செய்து காட்டி அனுப்புதல் வேண்டும்.