கலைக்கூடத்தில் ஓர் இடபவாகனர்



நம் திருவிடைமருதூரில் புகைவண்டியேறிக் கும்பகோணத்தைக் கடந்து சென்றால் தஞ்சையை அடையலாம். அங்கே அரண்மனையில், 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கலைக்கூடம் இருக்கிறது. பலர் அதனைக் கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடுகின்றனர். கால்களுக்கு நல்ல பயிற்சிதான்!

நீங்கள் ஒரே ஒரு செப்புத் திருமேனியின் முன் நில்லுங்கள். அவர் திருவெண்காட்டு இடபவாகனர். 1011-இல் அவரையும், மறு ஆண்டு தேவியையும் எழுந்தருளுவித்த செய்தியை அவ்வூர்க் கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. சடைமுடி தலைப்பாகைபோலச் சுற்றப்பெற்றிருக்கிறது. ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, ஒரு கையை எதன்மேலோ சாய்த்து நிற்கிறார். எதன்மேல்? எருது இன்று அங்கே இல்லை. ஆயினும் அதன் உயரத்தையும், அது அசையாமல் நின்ற அமைதியையும் அக்கையின் சாய்வே காட்டிவிடுகிறது.

கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கின்ற உடலமைப்பை இங்கே முழுமையாகக் காண்கிறோம். விளக்கொளியும் நாகசுரமும் இங்கே இல்லை, அது இழப்பே. ஆதலின் இரண்டிடத்தும் காணல் வேண்டும்.

நார்வே நாட்டுத் தலைநகராகிய ஓஸ்லோவில், விகலாண்ட் என்னும் ஒரே சிற்பி படைத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் ஒரு பூங்காவில் நிற்கின்றன. பூங்காவே அவர் பெயரால் வழங்குகிறது. நம் இடபவாகனரை வார்த்தவர் பெயரை நாம் அறியோம்.

செல்லும்போது குறிப்பேடும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். அக்கையை முதலில் வரையுங்கள். பிறகு, அதன் கீழே நின்றிருந்த எருதை நீங்களே வரைந்து பாருங்கள்.