பதிவேடு முந்தியா, கட்டடம் முந்தியா?

வட்டார வரலாற்று மன்றத்தையும் அதன் அருங்காட்சியகத்தையும் ஊரார் எப்படித் தாங்கலாம் என்பது இந்த உரைக்கு அழைப்பிதழில் அச்சான தலைப்பு. உரையாளர் எங்கே வந்து நிற்பார் என்பது முன்வரிசைக்குத் தெரியும்.

முதலில் கட்டடம் என்பது மன்ற நண்பர்கள் கட்சி: கூரை இருந்தால் பொருள் வரும், பொருள் வந்தால் ஆள் வரும். முதலில் பதிவேடு என்பது உரையாளர் கட்சி. இந்த வழக்கு செயற்குழுவில் பல ஆண்டுகளாக வாய்தாவிலேயே கிடக்கிறது. இன்று ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிடலாம்: அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர்.

சோழர் காலச் செப்புத்திருமேனி அது. ஆள் நடமாட்டம் குறைந்துபோன பிரகதீசுவரர் கோயிலுக்குள் பூட்டிக் கிடந்தது. 2006 வாக்கில் திருடர்கள் தூக்கிப்போனது ஊருக்குத் தெரியவில்லை. 2008இல் திருமேனிகளை வேறிடத்துக்கு மாற்றக் கதவைத் திறந்தபோதுதான் களவு வெளிப்பட்டது. அதற்குள் நடராசர் கான்பெரா போய்ச் சேர்ந்திருந்தார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். 1970களின் தொடக்கத்திலேயே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் காகிதங்களும் கூடவே போயிருந்தன. பொய்க்குப் பதிவேடு இருந்தது, மெய்க்கு இல்லை.

இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படமெடுத்து, இடம் குறித்து, அடுக்கி வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் 1994இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்ததும் ஒன்று. 1970களில் நாடு கடந்ததாகச் சொன்ன சிலை 1994இல் தன் கோயிலிலேயே நிற்கிறது! மெழுகுக் கருவை உருக்கி வார்க்கும்போது அச்சை உடைத்துத்தான் படிமத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு திருமேனியைப் போல இன்னொன்று அச்சு அசலாக அமையாது. ‘இது வேறு நடராசர்’ என்று வாதாட இடமில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே வந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கற்சிலைக்கும் பழைய புகைப்படமே சாட்சி சொன்னது.

பதிவேடு திருடனைத் தடுக்குமா என்று நண்பர்கள் கேட்பார்கள். தடுக்காது. ஆனால் நடராசர் களவு போனது வெட்டவெளியிலிருந்து அல்ல. கருங்கல் கட்டடம், கதவு, பூட்டு எல்லாம் இருந்த இடத்திலிருந்து. மீட்டது ஒரு படமும் அதன் பின்னாலிருந்த ஊர்ப்பெயரும் தேதியும்.

ஆகவே நன்கொடை தருவோர் கல்வெட்டில் பெயர் பொறிக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பதிவேடு எழுத ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் தரலாம். கல்லூரி மாணவர்கள் நடுகல்லையும் தாழியையும் அளவுகோலோடு படமெடுக்கலாம். மண்ணுக்குள் புதையல் கிடைத்து அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் சட்டம். இதை ஊராட்சிகளுக்கு எடுத்துச் சொல்வதும் மன்றத்தின் வேலை.

நேரம் ஆகிவிட்டது. கணக்குப் பேரேடுகள், பத்திரங்கள், பழைய திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றைத் தொகுப்பது, வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்வது, கல்வெட்டுப் படியெடுக்கும் பயிற்சி தருவது இவையெல்லாம் தனித்தனி உரைக்கு உரியவை. இளைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கட்டட நிதிக்கு உரையாளரும் தம் பங்கைத் தருவார், இரண்டாவதாக.

வாசல் மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் தேர்த்திருவிழாப் படமோ சுவாமி புறப்பாட்டுப் படமோ இருந்தால், எந்த ஊர், எந்த வருடம் என்று அதில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.