வெட்டும் இடமும் மறதி நோயும்

(திருச்சிராப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நொதி என்றால் நம் வகுப்பறையில் உமிழ்நீரும் இரைப்பையும்தான். பெப்சின் புரதத்தைச் சிதைக்கும், டிரிப்சின் மேலும் சிதைக்கும் என்று எழுதிப் போட்டு, இரண்டு மதிப்பெண் வினாவோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதுவும் புரதத்தை வெட்டும் நொதியின் வேலைதான். இந்த வகைக் கத்தரிகள் மூளையிலும் ஓயாமல் இயங்குகின்றன.

இதை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுகள் நடந்த உத்திர வீதியிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும் தாத்தா, பேத்தியைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்கும் பாட்டி, இப்படி ஒருவர் இருக்கும் வீட்டிலிருந்தும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் நம் வகுப்புக்கு வருகிறார்கள். "எங்க தாத்தாவுக்கு ஏன் மிஸ் இப்படி ஆச்சு?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், "வயசாயிடுச்சுப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. வயதான எல்லோருக்கும் இது வருவதில்லை. இது ஒரு நோய்.

1906இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண் நோயாளியின் மூளையில் கண்ட மாற்றங்களை ஒரு கூட்டத்தில் விவரித்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகள். உள்ளே சிக்குண்ட இழைகள். அந்தப் படிவுகளின் முக்கியப் பொருள் அமைலாய்டு பீட்டா என்ற சிறு புரதத் துண்டு. துண்டு என்றால் அது எதிலிருந்தோ வெட்டப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

ஸ்ரீரங்கம் கடைவீதியில் வாங்கும் கதம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான சரத்தின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் மரிக்கொழுந்து கட்டியிருக்கிறது. சரம் என்பது நரம்பு செல்லின் சவ்வில் செருகியிருக்கும் அமைலாய்டு முன்னோடிப் புரதம். மரிக்கொழுந்துப் பகுதிதான் அமைலாய்டு பீட்டா. ஆல்பா செக்ரடேஸ் என்ற நொதி மரிக்கொழுந்தின் நடுவிலேயே வெட்டுகிறது. அப்படி வெட்டினால் அந்தப் பகுதி முழுசாக வெளிவராது. பீட்டா செக்ரடேஸ் ஒரு முனையிலும், பிறகு காமா செக்ரடேஸ் மறுமுனையிலும் வெட்டினால் முழுத் துண்டும் கழன்று விழும். காமா கொஞ்சம் கை தடுமாறும் கத்தரி. அது விடும் துண்டில் பெரும்பாலும் 40 அமினோ அமிலங்கள், சில வேளை 42. அந்த இரண்டு கூடுதலானாலே ஒட்டும் தன்மை அதிகமாகிவிடுகிறது.

இந்தத் துண்டு நல்ல மூளையிலும் தினமும் உண்டாகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதைச் சிதைத்து அகற்றுபவையும் நொதிகள்தான். நெப்ரிலைசின் ஒன்று, இன்சுலினைச் சிதைக்கும் நொதி மற்றொன்று. உண்டாவதும் அகற்றப்படுவதும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை.

வெட்டும் இடம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு 2012இல் ஐஸ்லாந்திலிருந்து பதில் வந்தது. முன்னோடிப் புரதத்தில், பீட்டா வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப் பிறந்தவர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். அவர்களை இந்த நோய் அரிதாகவே அணுகுகிறது. செல் ஆய்வில் அந்த மாற்றம் துண்டு உருவாவதை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தது. இதற்கு எதிரான நிலையும் உண்டு. முன்னோடிப் புரதத்தின் மரபணு இருப்பது 21ஆம் குரோமோசோமில். அது மூன்றாகப் பெற்ற டவுன் நோய்க்குறியினருக்கு அல்சைமர் இளம் வயதிலேயே வருவது அதிகம். மேல்நிலை வகுப்பில் டவுன் நோய்க்குறி நடத்தும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"அப்ப அந்தக் கத்தரியைப் பிடுங்கிட்டா போதுமே சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்பான். நல்ல கேள்வி. மருந்து நிறுவனங்களும் அதையே நம்பின. காமாவைத் தடுத்த செமகாசெஸ்டாட் சோதனை 2010இல் நிறுத்தப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களின் நிலை மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. பீட்டாவைத் தடுத்த வெருபெசெஸ்டாட்டும் 2018க்குள் கைவிடப்பட்டது. ஏன்? முக்கொம்பில் காவிரிப் பக்கத்து ஷட்டர்களை மொத்தமாக இறக்கினால் ஓர் ஊரின் வெள்ளம் நிற்கும்தான். கீழே டெல்டா வயல் எல்லாம் காயுமே! காமா செக்ரடேஸ் இந்த ஒரு புரதத்தை மட்டும் வெட்டுவதில்லை. செல்கள் வளர்ந்து மாறுவதற்கு வேண்டிய நாட்ச் போன்ற பல புரதங்களையும் அதுதான் வெட்டுகிறது.

2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானெமாப் கத்தரியைத் தொடுவதில்லை, சேர்ந்த குப்பையை அகற்றுகிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் 18 மாதங்களில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. மூளை வீக்கம், கசிவு என்ற ஆபத்துகளும் உண்டு. எனவே ஞாபக மறதியை அடியோடு போக்கும் என்று யாராவது டப்பாவில் ஒட்டி விற்றால், பெற்றோர் கூட்டத்தில் எச்சரிப்பது நம் பொறுப்பு.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோய்களோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். 2024 லான்செட் ஆணையம் தவிர்க்கக்கூடிய காரணங்கள் 14ஐச் சொல்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காது கேளாமை ஆகியவற்றோடு சிறுவயதில் படிப்பு கிடைக்காததும் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் கத்தரியை நிறுத்துகிறது என்று பொருளல்ல. படித்துப் பழகிய மூளை சேதத்தைக் கூடுதல் காலம் தாங்குகிறது என்பதே விளக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நம் பாட்டிமார்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒவ்வொரு மேசையிலும் நூல், இரண்டு நிற மணிகள், கத்தரிக்கோல் இருக்கின்றன. 42 மணி ஒரு நிறத்தில் கோத்து, இருபுறமும் மற்ற நிறத்தை நீட்டிக்கொள்ளுங்கள். முதலில் நடுவில் வெட்டிப் பாருங்கள். மறு சரத்தில் இரு முனைகளிலும் வெட்டுங்கள். தோன்றும் கேள்விகளைத் தாளில் எழுதித் தாருங்கள். மதிய அமர்வில் அவற்றிலிருந்தே தொடங்குவோம்.